கூட யார்?

மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களைப் பற்றி எழுதும் ஆராய்ச்சியாளர்கள் 'சமூக ஆதரவு' என்றும் 'வாழ்க்கைத் தரம்' என்றும் இரண்டு சொற்களைத் தமிழில் புழங்க விட்டிருக்கிறார்கள். இரண்டும் மொழிபெயர்ப்புகள். நீலகிரியின் எந்தத் தோட்டத்திலும், எந்த லயத்து வாசலிலும், ஒருத்தியும் இவற்றை உச்சரித்து நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வருகிற கேள்வி வேறு: "கூட யார் வந்திருக்கா?" இதற்குப் பதில் வைத்திருப்பவளுக்கு மேற்கொண்டு வைத்தியம் நடக்கிறது. பதில் இல்லாதவள், ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பப்படுகிறாள். சிலர் திரும்பி வருவதில்லை.

நீலகிரியின் சரித்திரத்தை இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிப் படிக்க நம்மவர்களுக்கு வாய்க்கவில்லை. நீலகிரி என்றதும் பேனாவிலிருந்து பனியும் யூகலிப்டஸ் வாசனையும் கசிய ஆரம்பித்துவிடுகிறது.

இது நோயாளிகளுக்காகத் திறக்கப்பட்ட மலை. கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மேலே ஏறி வந்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் உதகமண்டலம், சென்னை ராஜதானியின் வெள்ளைக்காரர்கள் ஜுரமும் ஈரல் வீக்கமும் தணிய வந்து தங்கும் இடமாகிவிட்டது. 1860 வாக்கில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா நட்டார்கள், மருந்தே பயிராயிற்று. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. ஆக மருந்துக்கும் மருத்துவ ஞானத்துக்கும் இந்த மலையில் பஞ்சம் இருந்ததில்லை. தேறுவதற்காக மேலே வந்த துரையோ துரைசானியோ தனியாக வந்ததும் இல்லை. தூக்கிவர ஆட்கள், சமைக்க ஒருவன், கால் பிடிக்க ஒருத்தி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா. துணை என்பது அன்று கூலிக்குக் கிடைத்த ஒன்று. அப்படித் துணைக்கு வந்தவளுக்கு உடம்புக்கு வந்தபோது கூட யார் இருந்தார்கள் என்பதற்கு மட்டும் கெஜட்டியர்களில் பதில் கிடைக்காது.

தேயிலை வந்தபின் இது பெருத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கொழுந்து பறிக்க வந்தார்கள். சுதந்திர இந்தியாவின் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இவர்களுக்கு வீடு, குடிதண்ணீர், டிஸ்பென்சரி, பிள்ளை மடுவம், நோய்க்கால உதவித்தொகை எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தது. (அந்தச் சட்டத்தை 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் விழுங்கிக்கொண்டுவிட்டது.) பிழையான சட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் பார்வையில் நோய் என்பது ஒரு ஆளுக்கு மட்டும் வருகிறது. அவளுக்கு வேலை செய்ய முடியாத நாட்களுக்கு ஏதோ உண்டு. அவளைப் பஸ்ஸில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் வராந்தாவில் படுத்துக் கிடக்கிற தங்கைக்கு அன்றைய பேர் விழாது. ஒரு நோய்க்கு இரண்டு சம்பளம் போகிறது. இந்தக் கணக்கைச் சட்டம் போடவில்லை. லயத்தில் எல்லோரும் போட்டார்கள்.

லயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே கூரையின் கீழ் ஒட்டிய சுவர்களோடு வரிசையாக அறைகள். மூன்றாவது வீட்டு இருமல் முதல் வீட்டில் கேட்கும். பிரசவமோ சாவோ என்றால் வரிசை முழுவதும் வந்து நிற்கும். துணைக்குக் குறைவில்லை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவனுக்குப் படும். மாரில் வரும் கட்டியின் சுபாவம் இந்த ஏற்பாட்டை ஏமாற்றிவிடுகிறது. பெரும்பாலும் ஆரம்பத்தில் அது வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் பேரை இழக்க எவளும் துணியமாட்டாள். மேஸ்திரி ஆண், பீல்ட் ஆபீசர் ஆண், டிஸ்பென்சரியில் இருப்பவரும் அநேகமாக ஆண். ஆக விஷயம் வெளியே வருவது தோல் வெடித்துப் புண்ணானபின். அந்தப் புண்ணின் வாடை ஒட்டிய சுவர்களைத் தாண்டிப் போகக்கூடியது. அதுவரை நெருக்கமே துணையாக இருந்த இடத்தில், அன்று முதல் நெருக்கமே தண்டனையாகிவிடுகிறது. அவளுக்கென்று தட்டு, தம்ளர் தனியாகின்றன. இது தொற்றும் நோயல்ல என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த அறையில் இருந்திராதவர்கள் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்வது நல்லது.

நோயின் பெயரும் நமக்கு உதவுவதில்லை. கிரேக்கர்கள் நண்டைப் பார்த்தார்கள். நாம் புற்றைப் பார்த்தோம். புற்று என்பது நமக்கு வெறும் மண் குவியலல்ல. உள்ளே பாம்பு இருக்கிறது, அம்மன் இருக்கிறாள், பால் ஊற்றி முட்டை வைத்துக் கும்பிட வேண்டியது அது. நோய்களை உருவகங்களிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 1978-ல் ஒரு நூல் முழுக்க வாதாடிய சூசன் சொன்டாக் தானே 1975-ல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானவர். அந்த நூலில் அவர் தன் நோயைப் பற்றி வாய் திறக்கவில்லை. தமிழில் அந்த வாதத்தை நடத்துவது இன்னும் கஷ்டம். இங்கே உருவகத்துக்குக் கோயில் இருக்கிறது.

இலக்கியவாதிகளான நமக்கு இந்த இடத்தில் கண்ணகி நினைவுக்கு வராமல் போகமாட்டாள். இடது மார்பைத் திருகி எறிந்ததையும் மதுரை எரிந்ததையும் ஆயிரம் மேடைகளில் கேட்டாயிற்று. அதற்கு மறுநாள் அந்தப் பெண் எப்படி நடந்தாள்? இளங்கோவே இதற்கு ஓரளவு பதில் சொல்கிறார். மேடைக்காரர்கள் அதுவரை வருவதில்லை. அவள் மேற்கே நடந்து மலைக்குப் போகிறாள். வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்து நிற்பவளை மலைவாசிகளான குறவர்கள் பார்த்து, நீ யார் என்று கேட்கிறார்கள்.  ஆனால் அவள் வானம் ஏறியதும் அவர்கள் அவளைத் தெய்வமாக்கிக் குரவை ஆடிவிடுகிறார்கள். காயம்பட்ட பெண்ணைத் தெய்வமாக்கிவிட்டால் அவளுக்குக் கஞ்சி வைக்க வேண்டியதில்லை. இந்தத் தந்திரம் நம்மிடம் இன்னும் உயிரோடிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான பிரதி ஒன்று ஐரோப்பாவில் உண்டு. நாவலாசிரியை பேனி பர்னிக்கு 1811 செப்டம்பர் 30-ந் தேதி பாரிஸில், மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், மார்பை அகற்றினார்கள். கறுப்பு உடுப்பில் ஏழு ஆண்கள் அறைக்குள் வந்தார்கள். வேலைக்காரப் பெண்களை வெளியே போகச் சொன்னார்கள். ஒருத்தி மட்டும் போகாமல் நின்றுவிட்டாள். பல மாதங்கள் கழித்துத் தன் சகோதரி எஸ்தருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் பர்னி இதைச் சொல்கிறார். எனக்கு அந்தக் கடிதத்தில் கத்தியைவிட முக்கியமாகப் படுவது அது சகோதரிக்கு எழுதப்பட்டது என்பது. வெளியே போகாமல் நின்ற அந்த ஒருத்தியும். பர்னி அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தார்.

சகோதரி என்று எழுதும்போது நீலகிரியின் சமீபத்திய சரித்திரத்துக்கு வந்துவிட்டேன். 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்த 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு அவர்கள் குடியுரிமை தருவார்கள். மீதி ஒன்றரை லட்சத்தை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு வந்த ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தது எந்தக் கவிஞனும் அல்ல, அதில் வந்தவர்களும் வழியனுப்பியவர்களும். அவர்களில் ஒரு பகுதியினருக்காக 1968-ல் வனத்துறையின் கீழ்த் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1976-ல் அது டேன்டீ என்ற அரசுக் கழகமாயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் நுவரெலியாவின் பேச்சு கேட்க ஆரம்பித்தது. அக்கா இங்கே, தங்கை அட்டனில். அம்மா அங்கேயே மண்ணில்.

மார்பகப் புற்றுநோய்க்காரியிடம் டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: உங்கள் அம்மாவுக்கு, கூடப் பிறந்தவர்களுக்கு, சித்திக்கு இது இருந்ததா? இந்த நோயில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை பரம்பரையாக வருவது. 1990-ல் மேரி கிளேர் கிங் அதற்கான மரபணு ஒன்று பதினேழாவது குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். 1994-ல் அந்த மரபணுவே பிரித்தறியப்பட்டது. ஆகவே கேள்வி வெறும் சடங்கல்ல, விஞ்ஞான ரீதியானது. படிவத்தில் அந்தக் கட்டத்தின் தலைப்பு 'குடும்ப வரலாறு'. இந்த இரண்டு வார்த்தைகளைச் சரித்திரம் எழுதுகிறவன் எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். இரண்டு சர்க்கார்கள் மனிதர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டபோது, எந்தச் சித்திக்கு எது வந்தது என்கிற தகவலும் கடலின் அந்தப் பக்கம் தங்கிவிட்டது. 'தெரியாது' என்று அவள் சொல்கிறாள். கட்டத்தில் 'இல்லை' என்று எழுதப்படுகிறது. இதை நான் ஒருமுறைக்கு மேல் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி கை. பால்டிமோரில் ஹால்ஸ்டெட் 1894-ல் விளக்கி எழுதிய அறுவை முறை மார்போடு நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிடும். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் உலகம் முழுவதும் அதுவே ஆட்சி செலுத்தியது. பெர்னார்ட் பிஷர் 1971-ல் தொடங்கிய ஒப்பாய்வும் அதைத் தொடர்ந்தவையும், இவ்வளவு அறுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று 1985 வாக்கில் நிரூபித்த பிறகே கத்தி அடங்கிற்று. அக்குளில் முடிச்சுகளை எடுத்தால் சிலருக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்குகிறது. சின்னக் கீறலும் சீழ் பிடித்துவிடும். கொழுந்து பறிக்கிறவளுக்குக் கை என்பது என்ன? கவ்வாத்து வெட்டிய வாதுகளின் கீறல் இல்லாத நாள் அவள் கைக்கு உண்டா? கத்தரி வந்தபிறகு தோளுக்கும் வேலை கூடிவிட்டது. கனம் தூக்காதே என்று பழைய டாக்டர்கள் சொன்னார்கள். மேற்பார்வையோடு படிப்படியாக எடை தூக்கிப் பழகினால் வீக்கம் கூடுவதில்லை என்று 2009-ல் வந்த ஆய்வு சொல்கிறது. நல்ல செய்திதான். தராசடியில் படிப்படி கிடையாது.

வாழ்க்கைத் தரத்தை அளக்க ஐரோப்பியப் புற்றுநோய் அமைப்பு 1993-ல் முப்பது கேள்விகளையும், மார்பகத்துக்கென்று 1996-ல் இன்னும் இருபத்து மூன்று கேள்விகளையும் வகுத்தது. உலகமெங்கும் பல மொழிகளில் அவை பயன்படுகின்றன. முதல் கேள்வி பாரமான கடைப் பையையோ சூட்கேஸையோ தூக்கிச் செல்வதில் சிரமம் உண்டா என்பது. வேறொரு கேள்வி, உடையில்லாமல் தன்னைப் பார்த்துக்கொள்வது கடினமாக இருக்கிறதா என்பது. லயத்து மறைப்பில், சேலையைச் சுற்றிக்கொண்டு, அவசரமாக இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்கிறவள் இதற்கு என்ன பதில் சொல்வாள்? கேள்வி தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அதில் ஒரு கரிசனம் இருக்கிறது. அந்தக் கரிசனத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடியும் தாழ்ப்பாள் உள்ள அறையும் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

துணையால் ஆயுள் கூடுமா என்பதையும் அளந்து பார்த்தார்கள். ஸ்டான்போர்டில் டேவிட் ஸ்பீகல் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், நோய் பரவிவிட்ட 86 பெண்களில் வாரந்தோறும் கூடிப் பேசிய குழுவினர் சராசரியாக 36.6 மாதமும் மற்றவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்தார்கள். பெரிய பரபரப்பு. 2001-ல் கனடாவில் 235 பெண்களை வைத்துச் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் மனச்சுமையும் வலியின் உறுத்தலும் குறைந்திருந்தன. எனக்கு இந்தத் தோல்வி பிடித்திருக்கிறது. பேச்சு மருந்தல்ல, பேச்சாகவே இருந்துவிட்டுப் போகட்டும். 2006-ல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, 2,835 நர்சுகளைத் தொடர்ந்து பார்த்தது, வேறொன்றைச் சொல்லிற்று: நோய் வருமுன்பே உறவும் நட்பும் அற்றுத் தனித்திருந்தவர்கள் இந்த நோயால் இறப்பது இரண்டு மடங்கு. மனத்தின் மாயசக்தி எதுவும் இதில் இருக்க வேண்டியதில்லை. கவனித்துக்கொள்ள ஆள் இல்லை என்பதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் யூகம். மீண்டும் அதே ஜன்னல், அதே கேள்வி.

தமிழ்நாட்டில் இந்த நோய்க்கான பெரிய ஸ்தாபனமே கூட இருந்த ஒருத்தியின் அனுபவத்திலிருந்துதான் பிறந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறக்க 1954 ஆயிற்று. முப்பத்தோரு வருஷம். மந்திரிகளிடமும் டாக்டர்களிடமும், சாகப்போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்களிடமும் அவர் மல்லாடிய வருஷங்கள் அவை. 1955-ல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஆனால் அடையாறு எங்கே, பந்தலூர் எங்கே.

கதிர்வீச்சு சிகிச்சைக்கு நீலகிரிக்காரி நெடுங்காலம் கோயம்புத்தூருக்கு இறங்கியாக வேண்டும். ரயில்வேக்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: புற்றுநோயாளிக்குக் கொடுக்கும் கட்டணச் சலுகையைக் கூட வரும் ஒருவருக்கும் சேர்த்தே கொடுக்கிறார்கள். கூட ஆள் உண்டு என்று ஒப்புக்கொண்ட அபூர்வமான சர்க்கார்க் காகிதம் அது. 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் வந்த பல்சக்கர ரயில் பார்க்க அழகானது. அதில் அவசரத்துக்கு யாரும் போகமுடியாது. பஸ்தான். எண்பதுகளில் ஒருமுறை பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவருக்குத் துணையாகக் கீழே போனேன். பெண்கள் வார்டில் ஆணுக்கு இடமில்லை, பொம்பளை ஆள் வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். நியாயம்தான். அந்த அம்மாளுக்கு மகள் இல்லை. மருமகளுக்கு மூன்று சின்னக் குழந்தைகள். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தோம்.

பௌதிகம் இங்கே ஒரு காரியம் செய்திருக்கிறது. யாரும் அதைத் துணையின் சரித்திரத்தில் சேர்த்து எழுதுவதில்லை. வழக்கமான கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாளாக 25 நாள். பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் பதினைந்து நாள் போதும் என்று 2008-ல் காட்டின. தகுந்தவர்களுக்கு ஐந்தே நாள் போதும் என்று 2020-ல் காட்டின. உடம்புக்கு இது என்ன செய்கிறது என்பதை டாக்டர்கள் சொல்லட்டும். தங்கைக்கு இருபது நாள் சம்பளம் மிச்சம்.

கூடலூர்ப் பக்கத்தின் கதை கொஞ்சம் வேறு. அந்தத் தாலுகா 1877 வரை மலபார் ஜில்லாவின் வயநாட்டில் இருந்தது. பிறகே நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. நாடுகாணியில் நின்றால் கீழே நிலம்பூர். அங்கே, மலப்புரம் ஜில்லாவில், சாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் தொண்டர்களின் வலை 2001 முதல் கட்டப்பட்டது. அதற்கு முன்னோடி 1993-ல் கோழிக்கோட்டில் தோன்றிய வலி தணிப்புச் சங்கம். 1985-ஆம் ஆண்டுப் போதைமருந்துச் சட்டத்தால் மார்பின் மாத்திரை எட்டாக்கனியாகியிருந்த நாட்டில் இவர்கள் அதை ஏழை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். 2008-ல் கேரள அரசு இதைக் கொள்கையாக்கிப் பஞ்சாயத்துகளிடம் கொடுத்தது. பஞ்சாயத்துக்கு எல்லை உண்டு. 1877-ன் கோடு இங்கே குறுக்கிடுகிறது. இந்தப் பக்கம் கூடலூரில் ஆதிவாசிகளுக்கென்று அஸ்வினி அமைப்பு 1990-ல் ஆஸ்பத்திரி திறந்தது. ஆதிவாசிப் பெண்களையே நர்சுகளாகப் பழக்கினார்கள். பணியர் பெண்ணுக்குப் பணியர் பாஷையிலேயே பதில் கிடைத்தது. புற்றுநோய்க்காக எழுந்த இடமல்ல அது. ஆனால் ஜன்னலின் இரண்டு பக்கத்திலும் நம்மவர்களே இருந்தால் கேள்வியின் தொனி மாறிவிடுகிறது என்பதை அங்கே பார்க்கலாம். தமிழ்நாட்டரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் வலி தணிப்பும் அடக்கம். வாசல்வரை வருகிறார்கள், கீழே கூட்டிப்போக இன்னும் ஆள் தேவை.

பந்தலூரை அடுத்த ஒரு தோட்டத்தில், வைத்தியம் முடிந்து பல வருஷம் ஆன ஒருத்தியிடம், அன்று கூட யார் வந்தார்கள் என்று கேட்டேன். புருஷன் முன்பே போய்விட்டவர். இலங்கையில் பிறந்தவள், கூடப் பிறந்தவர்கள் அங்கே. அவள் விரல் மடக்கினாள். 25 நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் லயத்தில் ஐந்து பெண்கள் ஆளுக்கு ஒரு வாரம் என்று பேசிக்கொண்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பஸ்ஸில் ஒருத்தி வந்து இறங்குவாள், முந்தைய வாரத்துக்காரி ஏறுவாள். ஒவ்வொருத்திக்கும் ஐந்து பேர் நஷ்டம். சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் ஐந்து பேரின் நாட்களையும் எழுதி வைத்திருந்தாள். உடம்பு தேறியதும் அவர்கள் வீட்டுக் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் துணை இருந்து ஒவ்வொன்றாகக் கழித்தாளாம். நாலு பேருடையது தீர்ந்தது. ஐந்தாவது குடும்பம் திருப்பூருக்கு பனியன் வேலைக்குப் போய்விட்டது.

"அவளுக்கு ரெண்டு நாள் இன்னும் நிக்குது" என்றாள்.